தண்ணி அடிக்கும் கார்!

கல்யாணப் பந்தியில் ரசம், பழைய கார் ரேடியேட்டரில் தண்ணீர் - இந்த இரண்டையும் நம் ஊரில் யாரும் கணக்குப் பார்த்து ஊற்றுவதில்லை. இலையைத் தாண்டி ரசம் ஓடினாலாவது கண்ணுக்குத் தெரியும். ரேடியேட்டரில் ஊற்றியது எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘‘பழைய வண்டின்னா அப்படித்தான் ஸார், தண்ணி குடிக்கும்!’’ என்பார்கள்.

குடிக்காது. பெட்ரோல் குடிக்கும். வயசானால் கொஞ்சம் ஆயிலும் குடிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் மட்டும் மூடிய பாத்திரத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிற சமாசாரம். போன மாதம் இருந்த அளவே, ஏறக்குறைய, இந்த மாதமும் இருக்க வேண்டும். வாரம் ஒரு சொம்பு ஊற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ திருட்டு நடக்கிறது என்று அர்த்தம்.

திருடனைப் பிடிக்காமல் சொம்பைத் தூக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் திண்டிவனம் தாண்டி நடுரோட்டில், பானெட்டிலிருந்து ஆவி பறக்க நிற்பீர்கள். சில நூறு ரூபாய் ரப்பர் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரித்துப் போடுகிற வேலையாக மாறியிருக்கும். ஆகவே இந்த வாரம் கொஞ்சம் துப்பறிவோம். மூக்கும் கண்ணும் போதும். பூதக்கண்ணாடி வேண்டாம்.

குக்கர் பாடம்

முதலில் ஒரு நிமிஷப் பாடம். (இரண்டு நிமிஷம் ஆனால் மன்னிக்கவும்.)

பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிற வேலைக்கு ஆகிறது. இன்னொரு பங்கு சைலென்சர் வழியாகப் புகையோடு போகிறது. மிச்ச சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது தண்ணீரின் டிபார்ட்மென்ட். வாட்டர் பம்ப் தள்ளிவிட, அது சிலிண்டர்களைச் சுற்றிக்கொண்டு மேலே ஹெட்டுக்குப் போய், தெர்மோஸ்டாட் என்கிற கதவைத் தாண்டி ரேடியேட்டருக்கு வந்து, காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போகிறது.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைக்காதீர்கள். அது குக்கர் வெயிட். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், அந்த மூடி கொடுக்கும் அழுத்தத்தில் 120 டிகிரிக்குக் கிட்டத்தட்டப் போனால்தான் கொதிக்கும். சூட்டில் விரிகிற தண்ணீரைப் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு அனுப்புவதும், ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் இதே மூடிதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துவிடும். ஒன்று, மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் புதுசாக இருந்தாலும் தண்ணீர் குறையும். டப்பா வழிகிறது, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு, வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கிறது - இப்படியென்றால் முதல் சந்தேகம் மூடி மேல். சாமான்களிலேயே மலிவானது இதுதான். ஆனால் கடைசியாகத்தான் மாற்றுவார்கள்!

இரண்டாவது, இன்ஜின் சூடாக இருக்கும்போது இந்த மூடியைத் திறக்கவே கூடாது. விசில் வருகிற குக்கரை முகத்துக்கு நேராகத் திறப்பீர்களா? அழுத்தம் சட்டென்று விட்டதும் உள்ளே இருப்பது ஆவியாகச் சீறும். கை, முகம், கண் எதுவும் தப்பாது. துணி சுற்றித் திறந்தேன், கர்சீப் வைத்துத் திறந்தேன் என்கிற வீரக்கதையெல்லாம் வேண்டாம்.

வெளியே ஒழுகுகிறதா?

தண்ணீர் குறைந்தால் இரண்டே வழி. ஒன்று வெளியே ஒழுகுகிறது. அல்லது இன்ஜினுக்குள்ளேயே போகிறது. இது எது என்று தெரிவதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரிதான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரித்துவிடுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். (எதிர்வீட்டு மாமா ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ‘‘பூனைக்கு அங்கிள்’’ என்று சொல்லிவிடலாம்.)

நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர், ஏ.ஸி. போட்டு ஓட்டிய பிறகு சொட்டியிருந்தால் கவலை வேண்டாம். அது ஏ.ஸி.யின் வியர்வை. கறுப்பு, வழவழப்பு என்றால் இன்ஜின் ஆயில். அது வேறு கேஸ். பச்சை, ரோஸ், நீலம் என்று கலராக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, தித்திப்பான வாசனையோடு இருந்தால் அதுதான் கூலன்ட். முகர்ந்து பார்த்தால் போதும், நாக்கில் வைக்காதீர்கள். விஷம். கீழே சொட்டியதை நாய், பூனை நக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

பேப்பர் காய்ந்தே இருக்கிறதா? அவசரப்பட்டு ‘வெளியே ஒழுகவில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சில ஓட்டைகள் வண்டி சூடாக இருக்கும்போது மட்டும் கசியும். கசிந்தது இன்ஜின் சூட்டில் அங்கேயே காய்ந்துவிடும். ஆனால் திருடன் கைரேகையை விட்டுவிட்டுத்தான் போவான். ஹோஸ் மாட்டுகிற இடம், கிளிப் இறுக்குகிற இடம், ரேடியேட்டரின் ஓரம் இங்கெல்லாம் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸை அமுக்கிப் பாருங்கள். பழைய முறுக்கு மாதிரி விறைப்பாகவோ, ஊறின பஜ்ஜி மாதிரி கொழகொழவென்றோ இருந்தால் அதன் ஆயுசு முடிந்தது.

வாட்டர் பம்பில் அடிப்பக்கம் சின்னதாக ஒரு துவாரம் இருக்கும். பம்ப் செய்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது என்று நமக்குச் சொல்வதற்கான துவாரம் அது. அங்கே ஈரமோ கறையோ தெரிந்தால் பம்பை மாற்றுங்கள். அதில் எம்-சீல் வைத்து அடைக்கிற மேதாவிகளும் உண்டு. அழுகிற குழந்தையின் வாயில் பிளாஸ்திரி ஒட்டுகிற வைத்தியம்!

இன்னொரு இடம் யாருக்கும் சட்டென்று தோன்றாது. உங்கள் கால். டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டின் கார்ப்பெட் காரணமில்லாமல் ஈரம், கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் பசையான மூட்டம், காருக்குள் தித்திப்பு வாசனை என்றால் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் ஒழுகுகிறது. நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். நாம் போடாவிட்டாலும் பல வண்டிகளில் அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதிலும் அகப்படவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடித்து வைப்பார்கள். முள் இறங்காமல் நின்றால் ஒழுகல் இல்லை. இறங்கினால் ஒழுகல். முள் இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை என்றால்?

அப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது.

உள்ளே போகிறதா?

என் நண்பர் ஒருவர் பழைய மாருதி 800 வாங்கினார். கார்பரேட்டர் மாடல். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அதே 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர். பந்தாவுக்காக வாங்கவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, பஸ் படி ஏற முடியாது. வாரம் இரண்டு தடவை பிஸியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பி.எஃப். லோன் போட்டு வாங்கிய வண்டி.

இரண்டாவது மாதமே சோகமாக வந்தார். ‘‘வண்டி தண்ணி அடிக்குதுப்பா’’ என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அவர் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் அச்சு அசலாகப் பொருந்தின. ராத்திரி தண்ணீர் குறைகிறது. கீழே ஒரு சொட்டு கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிஷத்துக்குத் தள்ளாட்டம். வண்டியே குலுங்குகிறது. சைலென்சர் வாயில் வெள்ளைப் புகை, அதில் ஒரு தித்திப்பு வாசனை. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்க நல்ல பிள்ளை!

முதலில் போன மெக்கானிக் கில்லாடி. குலுங்குகிறதா? பிளக் மூன்றும் மாற்றினார். கார்பரேட்டர் கழுவினார். தண்ணீர் குறைகிறதா? ஹோஸ், வாட்டர் பம்ப் மாற்றினார். அப்புறமும் குறைகிறதா? ‘‘தெர்மோஸ்டாட்டக் கழட்டிடலாம் ஸார். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?’’ என்று அதையும் கழற்றினார். நாலாவது தடவை போனபோது, ‘‘இன்ஜினே போச்சு ஸார். புதுப்பேட்டையில வேற இன்ஜின் பார்த்துடலாம்’’ என்றார்.

கவனியுங்கள். தண்ணீர் குறைவது ஒரு வியாதி, குலுங்குவது இன்னொரு வியாதி என்று தனித்தனியாக மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே வியாதியாக இருக்கலாமே என்று யோசிக்கவே இல்லை.

நண்பருக்கு இன்னொருவர் வயசான ஒரு பாயைக் கைகாட்டினார். பாய் எதையும் கழற்றவில்லை. கேட்டது ஒரே கேள்வி. ‘‘காலைல மட்டும்தான் ஆடுதா, எப்பவுமா?’’

‘‘காலைல மட்டும்தான் பாய்.’’

‘‘அப்ப ராத்திரி வண்டிய இங்க வுட்டுட்டுப் போங்க. நாளைக்கு நான் சொல்றவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது.’’

மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். இரண்டு பிளக் லேசான பழுப்பு நிறம். மூன்றாவது மட்டும் பல் தேய்த்த மாதிரி பளிச்சென்று இருந்தது. நுனியில் ஈரம். ‘‘பாத்தீங்களா, இவன்தான் ராத்திரி குளிச்சிருக்கான்’’ என்றார். சிலிண்டருக்குள் போன தண்ணீர் ஆவியாகி ஆவியாகி பிளக்கைத் துலக்கி வைத்துவிடும்.

பிளக்கை மாட்டினார். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீரில் குமிழி. விடாமல், ஒரே சீராக, சோடா பாட்டில் மாதிரி. மூடியைப் போட்டார். ஒரே நிமிஷத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தது. தண்ணீர் இன்னும் சூடே ஆகவில்லை. அப்படியென்றால் அந்த அழுத்தம் ஆவி கொடுத்தது இல்லை. சிலிண்டரில் பெட்ரோல் வெடிக்கிற அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது.

‘‘ஹெட் கேஸ்கட் ஸார். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டிருந்தா ஆயிருக்கும்’’ என்றார் பாய்.

கேஸ்கட் என்பது இன்ஜினின் கீழ்ப்பகுதிக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு. சாண்ட்விச்சுக்குள் தக்காளி மாதிரி. வெடிக்கிற வாயு, தண்ணீர், ஆயில் - இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் காவல் காப்பது அந்தத் தகடுதான். பல வண்டிகளில் கீழே வார்ப்பிரும்பு, மேலே அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் கேஸ்கட் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனால் தகடு ஓர் இடத்தில் கருகும். அல்லது ஹெட் வளைந்துவிடும்.

ஏன் காலையில் மட்டும் தள்ளாட்டம்? இன்ஜின் ஓடும்போது சிலிண்டருக்குள் வெடிக்கும் அழுத்தம் அதிகம். அதனால் புகை தண்ணீருக்குள் போகிறது. இன்ஜினை அணைத்ததும் சிலிண்டரில் அழுத்தம் இல்லை, ரேடியேட்டரில் இருக்கிறது. இப்போது அதே சந்து வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக! காலையில் அந்த சிலிண்டர் எரியாது. மூன்று சிலிண்டரில் ஒன்று போனால் ஒரு கால் உடைந்த முக்காலிதான். உள்ளே இருந்த தண்ணீர் புகையாக வெளியேறியதும் மறுபடி மூன்று காலும் தரையில்.

பாய் ஹெட்டைக் கழற்றி, நேர்கோட்டுப் பட்டையை வைத்து, நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். லேசான வளைவு. லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டு, புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்து, கட்டம் கட்டமாக இறுக்கினார். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதுசு போட்டார். மொத்த பில், முதல் மெக்கானிக்கிடம் நாலு தவணையில் கொடுத்ததைவிடக் குறைவு. அம்மாவின் பிஸியோதெரபி ஒரு வாரம்தான் தடைப்பட்டது.

எல்லா வண்டியும் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளாது. சந்தேகமாக இருந்தால் இரண்டு டெஸ்ட் உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதில் நீலத் திரவம் ஊற்றி, இன்ஜினை ஓட்டுவார்கள். தண்ணீரில் இன்ஜின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இன்னொன்று கம்ப்ரஷன் டெஸ்ட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் மட்டும் அழுத்தம் குறைவு என்றால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

ஆயில் அளக்கிற டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் டீக்கடைப் பால் டீ கலரில் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் காலி. ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டுகிற வண்டிகளில் ஈரம் சேர்ந்து அப்படி ஆவது உண்டு. அதேபோல மார்கழிக் காலையிலும் ஊட்டியிலும் முதல் நிமிஷம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நிற்காமல் வந்தால்தான் கேஸ்.

இன்னொரு எச்சரிக்கை. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று சுவரில் மோதின மாதிரி நிற்கிறதா? திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். சிலிண்டர் நிறையத் தண்ணீர் இருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. வற்புறுத்தினால் கனெக்டிங் ராட் வளையும்.

குலுங்கினால் எல்லாம் கேஸ்கட்டா?

இல்லவே இல்லை. தண்ணீர் குறையாமல் வண்டி மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் சின்னச் சின்ன ஆட்களிடமிருந்து விசாரணையைத் தொடங்குங்கள். பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டால், ஒயரில் விரிசல் இருக்கும் இடத்தில் நீலப் பொறி தெரியும். (தெரிந்ததும் ‘இங்கேயா?’ என்று விரலை வைக்காதீர்கள்.) ‘உஸ்’ஸென்று சத்தம் வந்து ஐடிலிங் ஏறி இறங்கினால் வாக்குவம் ஹோஸில் வெடிப்பு.

கார்பரேட்டர் வண்டியில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க மெக்கானிக்குகள் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் இன்ஜின் இன்னும் தடுமாறும். எடுத்தும் மாற்றமே இல்லை என்றால் அதுதான் சோம்பேறி. ஆபீஸிலும் இதே டெஸ்ட்தான், லீவு போட்டால் தெரிந்துவிடும்! ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் மட்டும் இதைச் செய்ய விடாதீர்கள். காயிலுக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் ஆகாது. அதற்கு ஸ்கேனர் இருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒரு வேடிக்கையும் உண்டு. தண்ணீர் குறைந்து உள்ளே காற்று அடைத்துக்கொண்டால், சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சார் குழம்பிப் போகும். ‘இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது’ என்று கம்ப்யூட்டருக்குத் தப்பாகத் தந்தி அடிக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி இறைக்கும். கறுப்புப் புகை, குலுக்கல், மைலேஜ் பாதாளம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். தெர்மோஸ்டாட் ‘குளிருக்கான சாமான்’ இல்லை. தண்ணீர் 80 டிகிரியை ஒட்டி சூடாகும்வரை கதவைச் சாத்தி வைத்து, இன்ஜினைச் சீக்கிரம் சரியான சூட்டுக்குக் கொண்டுவருகிற ஆள். சென்னையோ சிம்லாவோ, இன்ஜினுக்கு அந்த சூடு வேண்டும்.

ஓவர்ஹீட் ஆனாலும் எப்போது ஆகிறது என்று பாருங்கள். சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன் அல்லது அதன் ஸ்விட்ச். சிக்னலில் சரியாக இருந்து ஹைவேயில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடி மாதிரி ஆகியிருக்கும். ‘நம்ம ஊர்ல ஐஸா உறையுது, கூலன்ட் எதுக்கு?’ என்பவர்களுக்கு இதுதான் பதில். கூலன்ட் துருவையும் அரிப்பையும் தடுக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டு கம்பெனிக் கூலன்ட்டை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

நடுரோட்டில் முள் ஏறினால்?

ஏ.ஸி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுசாகப் போடுங்கள். ஆமாம், கத்திரி வெயிலிலும்தான்! அது இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உங்கள் மடியில் கொட்டும். இன்ஜின் பிழைக்கும், நீங்கள் வேகுவீர்கள். அப்படியே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல பெட்ரோல் பங்க்’ என்று போகிற அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சென்சாரைத் தொடுவதற்குக்கூடத் தண்ணீர் இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறட்டும். அரை மணிக்குக் குறையாது, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஒரு டீ சாப்பிடுங்கள், இந்தப் பத்திரிகையின் ஜோக்குகளைப் படியுங்கள். அப்புறம் மெல்லத் திறந்து, மெல்ல ஊற்றுங்கள். கொதிக்கிற ஹெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.

மஞ்சள் தூள் போடலாமா? லாரி டிரைவர்கள் காலம்காலமாகப் போடுகிறார்கள். சின்ன ஓட்டையை அடைக்கத்தான் அடைக்கும். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சள் தூளுக்குத் தெரியாதே! அதையும் சேர்த்து அடைக்கும். காட்டு ரோட்டில் வேறு வழியே இல்லை என்றால் ஊர் வந்து சேரப் போடுங்கள். சேர்ந்ததும் ஓட்டையைச் சரி செய்து, ரேடியேட்டரைக் கழுவிவிடுங்கள். கடையில் டப்பாவில் விற்கும் ‘லீக் ஸ்டாப்’புக்கும் இதே அறிவுரைதான்.

வாங்கப் போகிறீர்களா?

பழைய கார் பார்க்கப் போகிற தம்பிகளுக்குக் கடைசியாக ஒன்று. சாயங்காலம் ஆபீஸ் விட்டு, நண்பர்கள் நாலு பேரோடு போகாதீர்கள். அதற்குள் வண்டியை நன்றாக ஓட்டி, சூடாக்கி, சிரித்த முகமாக நிறுத்தி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்த கையோடு போங்கள். முந்தின நாளே, ‘நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யணும்’ என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துரு கலரா, எண்ணெய் மிதக்கிறதா, பாதி காலியா? டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அப்புறம் உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் இரண்டு நிமிஷத்தில் ஒரு கார் சொல்கிற உண்மையை, அதை விற்கிறவர் இரண்டு மணி நேரம் பேசினாலும் சொல்ல மாட்டார்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே கார் கணக்கையும் எழுதி வையுங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர் எத்தனை டம்ளர். இரண்டு மாதத்துத் தாளைக் கிழித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நீட்டுங்கள். ‘‘பழைய வண்டின்னா குடிக்கும் ஸார்’’ என்று சொல்ல அந்த மெக்கானிக்குக்கு வாய் வராது.

(அடுத்த வாரம்: பிரேக் பிடித்தால் ‘கிரீச்’ - சத்தம் போடுவது டிஸ்க்கா, பக்கத்து ஸீட்டா?)